அரை இட்லிக்குப் பதினோரு நாள்

திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் தென்காசி போவதுதான் எங்கள் வழக்கம். சென்னை வழியாக வந்தால் இன்னொரு ராத்திரி ரயிலில் போய்விடும். நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று வளைந்து வளைந்து செங்கோட்டையில் இறங்கும் மலைப் பாதை. 2025 ஜூலைக் கடைசியில், 20 மாத மகனோடு அந்த வழியில் வந்தோம். குளத்துப்புழை தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான். "வளைவு மேடம், பெரியவங்களே எடுப்பாங்க" என்றார் ஓட்டுநர். இங்கிலாந்தில், லீட்ஸில் எங்கள் வீட்டைப் பூட்டி இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சொன்னதை நம்புவது எங்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை. கண்பட்டிருக்கும் என்று அம்மா மிளகாய், உப்பு எடுத்துச் சுற்றிப் போட்டாள். ராத்திரி ஒரு மணிக்குள் ஆறு தடவை வாந்தி. அப்புறம் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் என்றால் அங்குள்ள மருத்துவ உதவி எண்ணான 111-ஐ அழைத்திருப்பேன். இங்கே என்ன செய்வது என்று முழித்தபோது, அப்பாதான் 104 என்று ஒன்று இருக்கிறது என்றார். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். அவருடைய போனிலிருந்தே அழைத்தோம். எடுத்தவர் கேட்டதெல்லாம் அளவான கேள்விகள். கடைசியாக எப்போது மூத்திரம் போனான்? அழும்போது கண்ணீர் வருகிறதா? கண் உள்ளே போயிருக்கிறதா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? வாந்தி பச்சையாக வருகிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா? 111-இல் கேட்கும் அதே கேள்விகள்தான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் தாய்மொழியில் பதில் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டு மணி நேரமாக மூத்திரம் இல்லையென்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லாவிட்டால் விடிந்ததும் டாக்டரைப் பாருங்கள் என்றார். மூன்று மணிக்கு டயாப்பர் நனைந்திருந்தது. டயாப்பர் நனைந்ததற்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

காலையில் ஊரில் உள்ள குழந்தை மருத்துவரின் கிளினிக். ஏழு மணிக்குப் போன் செய்து பெயர் பதிய வேண்டும். எங்களுக்கு 14-ஆம் டோக்கன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கட்டணம் 300 ரூபாய். லீட்ஸில் இதே நிலையில் குழந்தையை ஒரு டாக்டர் நேரில் தொட்டுப் பார்க்க எத்தனை போன் தாண்ட வேண்டியிருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்த டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "டிரிப்ஸ் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கொடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு, ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். அவசரப்படாதீங்க" என்றார். ஓ.ஆர்.எஸ். என்றால் வயிற்றுப்போக்கில் போன தண்ணீருக்கும் உப்புக்கும் ஈடாகக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். வாந்தியை நிறுத்த ஒரே ஒரு வேளை மருந்து, 14 நாளைக்கு ஜிங்க் சிரப். ஆன்டிபயாடிக் எழுதவில்லை. எழுதாததில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மருந்துக் கடையில்தான் தடுமாறினோம். ஓ.ஆர்.எஸ். கேட்டதும் பழச்சாறு மாதிரி ஒரு அட்டை டப்பாவை எடுத்து நீட்டினார்கள். "இதுவும் அதுதான் மேடம், ஆப்பிள் டேஸ்ட், பிள்ளை குடிக்கும்." பிள்ளை குடித்தான், ஆசையாகவே குடித்தான். அன்று சாயங்காலம் வயிற்றுப்போக்கு இரண்டு மடங்கானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்புதான் இருக்க வேண்டும். அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு. சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுக்காது, வெளியேதான் தள்ளும். நாங்கள் லீட்ஸ் திரும்பிய பிறகு, அக்டோபரில், இந்த மாதிரிப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்ட செய்தியைப் படித்தேன். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் தனியாகப் போராடி வாங்கியது அது. அவருக்கு ஒரு கும்பிடு.

மறுநாள் சரியான பாக்கெட் வாங்கினோம். அதிலும் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டி, "நல்லா கெட்டியா இருந்தாத்தான் தெம்பு" என்று கலக்கிக்கொண்டிருந்தாள். முழுப் பாக்கெட்டுக்கு முழு ஒரு லிட்டர், 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லிக் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. காய்ச்சலும் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தோம். இனிமேல்தான் கஷ்டம் என்று அப்போது தெரியாது.

அவன் சாப்பிடவில்லை. இட்லியைப் பார்த்தால் தலையைத் திருப்பினான். கஞ்சி, ரசஞ்சோறு, அவித்த ஏத்தம்பழம், எதுவும் வேண்டாம். அம்மா காக்காய் காட்டினாள், ஆட்டுக்குட்டி காட்டினாள், நிலா காட்டினாள். வாயைத் திறந்த நொடியில் ஒரு கவளத்தைத் திணித்தாள். உடனே ஓங்கரித்துக் குடித்த தண்ணீர்வரை வெளியே கொட்டினான். பக்கத்து வீட்டிலிருந்து ஆளுக்கொரு யோசனை. போன வாரம் இறுக்கமாக இருந்த அவன் டிரவுசர் இடுப்பில் நிற்கவில்லை. அது ஒன்றே என் புத்தியைக் குழப்பப் போதுமானதாக இருந்தது.

அந்தக் குழப்பத்தில்தான் திருநெல்வேலியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். "யு.கே.ல இருந்து வந்திருக்கீங்களா" என்று வரவேற்பில் கேட்டபோதே அப்பா என்னை முறைத்தார். ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், எல்லாம் நார்மல். அப்படியும் ஒரு நாள் அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றலாம் என்றார்கள். குழந்தையோ அந்த நேரத்தில் வராந்தாவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, 4,800 ரூபாய் கட்டி, பசியைத் தூண்டும் சிரப் ஒன்றோடு வெளியே வந்தோம். அந்த சிரப்பைப் பற்றி ஊர் டாக்டரிடம் போனில் கேட்டேன். அதிலிருந்த சைப்ரோஹெப்டடின் உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கமும் பசியும் அதன் பக்க விளைவு. "ரெண்டு வயசுகூட ஆகல, வேண்டாம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். அங்கே வரும் கிராம சுகாதார செவிலியரை ஊரே நர்ஸக்கா என்றுதான் கூப்பிடும். எங்கள் பையனுக்கு அன்று ஊசி எதுவும் இல்லை, எடை மட்டும் பார்க்கலாம் என்று போனேன். 9.7 கிலோ. லீட்ஸில் கிளம்பும்போது 10.4. என் முகம் மாறியதைப் பார்த்து, "அது வேற தராசு, இது வேற தராசு. அடுத்த வாரம் இதே தராசுல பார்ப்போம்" என்றார். அதுவரை யாரும் கேட்காத ஒன்றையும் கேட்டார்: வாந்தி எந்த நேரத்தில் வருகிறது?

காலையில் எழுந்ததும்தான் அதிகம். ஜிங்க் எப்போது கொடுக்கிறீர்கள்? காலையில் எழுந்ததும்தான், வெறும் வயிற்றில். அவர் சிரித்துவிட்டார். ஜிங்க், அதாவது துத்தநாகம், வெறும் வயிற்றில் போனால் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். வாயில் உலோக ருசி வேறு. எதையாவது கொஞ்சம் சாப்பிட்ட பிறகு, ஒரு வேளை மருந்தையே இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். 14 நாள் முடியும் முன் நிறுத்தவும் விடவில்லை. பாலைப் பற்றியும் கேட்டார். சாப்பிடவில்லையே என்று ஒரு நாளைக்கு மூன்று புட்டிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். வயிற்றுப்போக்குக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குப் பால் செரிப்பது சிரமம், தயிராகக் கொடுங்கள், பால் நிறைந்த வயிற்றில் இட்லிக்கு இடமேது என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஆச்சி, பத்து நாளைக்கு நீங்க அவன் வாயைப் பார்க்காதீங்க" என்றார். நான் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நின்றிருக்கும். நர்ஸக்கா சொன்னதால் அம்மா தலையை ஆட்டினாள்.

பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் போட்டுக் கொடுத்தார். காசு கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார்களாம். நம் வீடு வெளிநாட்டுக்காரர் வீடு என்று விட்டுவிட்டார்களாம்.

பக்கத்திலேயே அங்கன்வாடி. கிளம்பும்போது அவன் கையை உதறிக்கொண்டு அங்கே ஓடிவிட்டான். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முட்டையும் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நடுவில் போய் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த மூன்று வயதுக்காரி தன் தட்டிலிருந்து ஒரு துண்டு முட்டையை எடுத்து நீட்ட, வாங்கித் தின்றான். ஆயாவும் நானும் மூச்சு விடாமல் நின்றோம். இரண்டாவது துண்டும் தின்றான். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுதான் இல்லை. மறுநாள் மறுபடி பட்டினி. ஆனால் காலை வாந்தி நின்றுவிட்டது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு நாங்களும் அங்கேயே உட்கார்ந்து எங்கள் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தோம். வயிறு நின்று பதினோராம் நாள் அரை இட்லி உள்ளே போனது, கூடவே அப்பா தட்டிலிருந்து திருடிய புரோட்டாவும். அடுத்த புதன் அதே தராசில் 9.9.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயணக் காப்பீட்டில் முதல் 100 பவுண்டு நம் கையிலிருந்து. கிளினிக், மருந்து, திருநெல்வேலி தண்டம் எல்லாம் சேர்த்தும் அந்த எல்லையைத் தொடவில்லை. ஆக ஒரு பைசா வராது. கிளினிக்கில் பில் என்று ஒன்று தருவதே இல்லை, மருந்துச் சீட்டின் மூலையில் ஒரு கோடுதான். பெரிய செலவாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குற்றால சீசன் முழுக்க வீட்டு ஓட்டில் சாரல் விழும் சத்தத்தைக் கேட்டதோடு சரி, ஒரு அருவிகூடப் பார்க்கவில்லை.

திரும்பும் நாள், அதே ஓட்டுநர். ஆரியங்காவு தாண்டி மூன்றாவது வளைவில் பின் சீட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கணவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் தெர்மாமீட்டர் எங்கே என்று பையைக் கவிழ்த்தேன். மகன் சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆச்சி கட்டிக் கொடுத்த பொட்டலத்தைக் காட்டி, "முக்கு" என்றான். முறுக்குதான் கேட்டான்.

"வளைவு மேடம்" என்றார் ஓட்டுநர்.