நுரையீரல் நோயாளிகளுக்கு ஏற்ற மண் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருப்பவர்கள், வீட்டில் அப்படி யாராவது இருப்பவர்கள், தயவு செய்து இதைப் படியுங்கள். நான்கு நாளாக நெபுலைசரும் கையுமாக இருக்கிறேன். இரண்டு மாத மருந்துக்காசைக் கொட்டிக் கொடுத்து இந்தக் கஷ்டத்தை வாங்கியிருக்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இந்த நோய் வந்த பிறகு எனக்கு மிஞ்சியது செடிகள்தான். குனிந்தால் மூச்சு அடைக்கும் என்பதால் எல்லாமே இடுப்பு உயரத் தொட்டிகள். ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட்டு, கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் ஓய்வு. மண் கலக்குவது மட்டும் முடியவில்லை. அப்போதுதான் ஆன்லைனில் தோட்டப் பொருள் விற்கும் ஒரு தளத்தில் பார்த்தேன்: தூசி எழாதது, கிருமி நீக்கியது, நுரையீரல் நோயாளிகளுக்கு ஏற்றது என்று போட்ட தொட்டிக் கலவை, கூடவே என்95 மாஸ்க்.

எடுத்த எடுப்பில் வாங்கவில்லை. சாட்டில் கேட்டேன், எனக்கு சிஓபிடி, பூஞ்சை இருந்தால் ஆகாது என்று தெளிவாகவே சொன்னேன். "எங்க அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான் சார், தினமும் இந்த மண்ணில்தான் வேலை செய்கிறார், பயப்படாமல் வாங்குங்க" என்று பதில் வந்தது. அந்த அப்பாவை நம்பித்தான் இரண்டு மாத மருந்துக்காசைக் கட்டினேன். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மூட்டை வந்தபோதே தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அவர்கள் கொடுத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கத்தரித்தேன், ஓரமெல்லாம் காய்ந்து சாம்பல் நிறமாகப் பூஞ்சை பிடித்திருந்தது, அது அப்படியே புகை மாதிரி முகத்தில் எழும்பியது. அன்று இரவே இருமல், மறுநாள் சளி நிறம் மாறிவிட்டது, ஸ்டீராய்டு மாத்திரை வரைக்கும் போயாயிற்று. மக்கும் குப்பையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும், அதன் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான், நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும், நல்ல நுரையீரல் அதை வெளியே தள்ளிவிடும், உங்களுடையது தள்ளாது என்றார் டாக்டர். தொட்டி மண்ணில் லீஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியாவும் இருக்கலாம், அதனால் வரும் நிமோனியா பெரும்பாலும் 2 முதல் 10 நாளுக்குள் தலைகாட்டும், காய்ச்சல் வந்தால் உடனே வாங்க என்றும் சொல்லி அனுப்பினார். தினமும் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாஸ்க்கும் போலி. காதில் மாட்டும் வளையம், எந்த அங்கீகார எண்ணும் இல்லை. அமெரிக்காவில் நையாஷ் என்ற பணிப் பாதுகாப்பு அரசு நிறுவனம் அங்கீகரிக்கும் என்95-இல் தலையைச் சுற்றும் இரண்டு பட்டைகள் இருக்கும், காது வளையமே கிடையாது. இதைக் கூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று வயிறு எரிகிறது.

புகார் கொடுத்தால் முதல் ஆள், பூஞ்சை இருந்தால் மண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் என்கிறார். கிருமி நீக்கியது என்றீர்களே என்றேன், பதில் இல்லை. இரண்டாவது ஆள், பிரித்த மூட்டையை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் என்றார், பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? மூன்றாவது முறை போட்டோ அனுப்பியதும், பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று அவர்களே புகாரை மூடிவிட்டார்கள். சாட்டில் அந்த அப்பா கதையும் காணோம். இரண்டு மாத மருந்துக்காசு. அடுத்த இன்ஹேலர் வாங்கக் கடன் கேட்டிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மூச்சு வாங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மூட்டையை நீங்கள் பிரிக்காதீர்கள், வேறு யாரையாவது திறந்த வெளியில் பிரித்துத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், நீங்கள் தள்ளி நில்லுங்கள். மக்கிய குப்பையைக் கிளறும் வேலையே வேண்டாம். மாஸ்க்கோடு மூச்சு கஷ்டமாக இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். மண்ணைத் தொட்டால் கையுறை, அப்புறம் சோப்புப் போட்டுக் கைகழுவல். இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். சாட்டில் என்ன சொன்னாலும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.

மூட்டை இன்னும் வெளியில்தான் கிடக்கிறது. எடுத்துப்போகச் சொல்லி இன்று காலையும் எழுதினேன், ஒரு பதிலும் வரவில்லை.