தென்னையைக் கோடை தாண்ட வைக்க: டேங்கரா, சொட்டுநீரா, உரிமட்டையா?

கிணறு வற்றி, போர்வெல்லில் காற்று மட்டும் வந்தால் தோப்புக்காரர் முதலில் கூப்பிடுவது டேங்கர் லாரியைத்தான். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது பல தோப்புகளில் இதுதான் நடந்தது. பயம் நியாயமானது. தென்னையில் பாளை கருக்கொள்வது முதல் காய் முற்றுவது வரை ஏறக்குறைய 44 மாதம். இந்த வருட வறட்சியின் அடி, மழை வந்த பிறகும் காய்ப்பில் தெரியும்.

ஆனால் டேங்கர் கணக்கைப் பாருங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றைப் பங்கிட்டால் மரத்துக்கு 170 லிட்டர். ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் அது ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்தான். ஏப்ரல் வெயிலில் வெறும் மண்ணில் ஊற்றினால் சில நாளில் பாத்தி வெடித்துக் கிடக்கும்.

சொட்டுநீர் அதே தண்ணீரை வேர் இருக்கும் இடத்தில் மெதுவாக இறக்குகிறது. இருக்கும் தண்ணீரைச் சிக்கனமாகக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். அதனால் தினமும் ஒரு நடை பார்த்தே ஆக வேண்டும். தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு இதுவும் உதவாது.

எனக்கு முதலில் உரிமட்டைதான், அதாவது தேங்காய் உரித்தெடுத்த நார்மட்டை. தோப்பிலேயே கிடைக்கிறது, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பாத்தியில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, பரப்பும்போது மட்டையின் முதுகு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் வெயில் மண்ணைத் தொடாது. மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, இரண்டடி ஆழ வட்டக் குழியில் புதைக்கும்போது குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். மழை பெய்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம்போலத் தண்ணீரை ஏந்திக்கொள்ளும். மூடாக்குக்கு மரத்துக்கு 100 மட்டை போதும். புதைத்தது ஐந்தாறு வருடம் பயன் தரும், ஆனால் அதை மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும். நடுக்கோடையில் குழி வெட்டினால் வேர்தான் அறுபடும். அப்போது மூடாக்கு மட்டும் போடுங்கள். கரையான் ஏறுகிறதா என்று அடிக்கடி புரட்டிப் பாருங்கள்.

சரி, டேங்கர் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்துவிட்டதா? மட்டை பரப்பிய பிறகு வாங்குங்கள். தண்ணீரை முதலில் இளங்கன்றுகளுக்குக் கொடுத்து, தென்மேற்குப் பக்கம் ஓலை நட்டு நிழல் கட்டுங்கள்.