பீஃப் கைமாவா, கால்சதைத் துண்டா?

நாலு பேருக்கு அரைக் கிலோ போதும்.

நேரம்: கைமா 25 நிமிடம். கால்சதைக்குக் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 40 நிமிடம்.

சொதப்பல்: கைமாவை மொத்தமாகக் கொட்டி மூடினால் தண்ணீர் விட்டு, வதங்காமல் வெந்து கட்டி தட்டும். அகலச் சட்டி, பெருந்தீ, இரண்டு தடவையாகப் போடுங்கள். ஓரம் பழுப்பேறிய பிறகே மசாலா. கால்சதை ரப்பர் மாதிரி இருந்தால் கறியைக் குறை சொல்லாதீர்கள், ஜவ்வு இன்னும் கரையவில்லை. அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மேலும் 10 நிமிடம் வையுங்கள். அந்த ஜவ்வுதான் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும்.

ஃப்ரிட்ஜில்: பச்சைக் கைமா 1–2 நாள், துண்டு 3–5 நாள்.

வேலைநாள் இரவில் சப்பாத்திக்கு உருளைக்கிழங்கு போட்ட கைமா. ஞாயிறு சோற்றுக்குக் கால்சதைக் குழம்பு; மறுநாள் இட்லிக்கு இன்னும் நன்றாயிருக்கும்.