புதிய பள்ளிக்கு எந்த நாள் பிறந்த நாள்?

பள்ளி முகப்பில் 'நிறுவப்பட்ட ஆண்டு' என்று பொறிக்க ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது. போட்டிக்கு வரும் நாள்களோ பல: பள்ளி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிய நாள், அடிக்கல் நாட்டிய நாள், முதல் வகுப்பு நடந்த நாள், திறப்பு விழா, அரசு அங்கீகாரம் கிடைத்த நாள். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே சில ஆண்டுகள்கூட ஓடிவிடுவதுண்டு.

அடிக்கல்லையும் திறப்பு விழாவையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அவை கட்டடத்தின் நாள்கள். பள்ளி நாளை வேறு கட்டடத்துக்குக் குடிபோனாலும் அதே பள்ளிதான்.

தீர்மான நாளுக்குப் பெரிய சாட்சி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1636 அக்டோபரில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம் ஒரு கல்லூரிக்கென 400 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அன்று அதற்குக் கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை, பெயர்கூட இல்லை. வகுப்பு தொடங்கியது 1638இல். சாசனம் கிடைத்தது 1650இல். ஆனாலும் ஹார்வர்டு கொண்டாடுவது 1636ஐத்தான். இதில் நியாயம் இருக்கிறது. ஒரு மன்றம் கூடிப் பணம் ஒதுக்கியபின் அது வெறும் ஆசை இல்லை. அந்தத் தீர்மானத்திலிருந்து வகுப்பறைவரை இழை அறாமல் வந்திருக்கிறது.

இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1740இல் பிலடெல்பியாவில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கும் சமயச் சொற்பொழிவுக்குமாக ஒரு கட்டடம் திட்டமிடப்பட்டது. கட்டடம் எழுந்தது, பள்ளி நடக்கவில்லை. 1749இல் பெஞ்சமின் பிராங்க்ளின் வேறொரு கல்விக்கூடத்துக்காக அறங்காவலர்களைத் திரட்டினார். பிறகு அந்தக் கட்டடம் இவர்கள் கைக்கு வந்தது. 1751இல் பாடம் தொடங்கியது. அந்தக் கல்விக்கூடமே பின்னாளில் பல்கலைக்கழகம் ஆனது. 1749 என்று சொல்லிவந்த பல்கலைக்கழகம், 1899இல் தன் ஆண்டை 1740 என்று மாற்றிக்கொண்டது. 1746இல் தோன்றிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைவிட மூத்ததாகவும் ஆகிவிட்டது. ஒரு பிள்ளைகூடப் படிக்காத ஆண்டைப் பள்ளியின் பிறப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. தீர்மான நாளின் பலவீனமும் இதுதான்: பின்னால் வருகிறவர்கள் இன்னும் பழைய நோக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஆண்டை நகர்த்திக்கொண்டே போகலாம். ஆக்ஸ்போர்டின் யுனிவர்சிட்டி கல்லூரி, ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆல்பிரட் மன்னர் தன்னை நிறுவினார் என்ற கதையை நம்பி 1872இல் ஆயிரமாவது ஆண்டையே கொண்டாடியது. அதன் உண்மையான தொடக்கம், 1249இல் இறந்த டர்ஹாம் வில்லியம் என்பவர் விட்டுச்சென்ற பணம்.

அங்கீகார நாளுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. சான்றிதழுக்கும் தேர்வுக்கும் அதுவே தேவை. ஆனால் அங்கீகாரம் என்பது ஏற்கெனவே நடக்கும் ஒன்றை ஏற்பது. அந்த நாளைப் பிறந்த நாள் ஆக்கினால், அதற்கு முன் வந்து படித்த பிள்ளைகள் இல்லாத பள்ளியில் படித்தவர்கள் ஆகிவிடுவார்கள். முதல் ஆண்டில் நம்பி அனுப்பிய பெற்றோருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது இல்லை.

ஆகவே என் வாக்கு முதல் வகுப்பு நடந்த நாளுக்கே. சாந்திநிகேதனில் தாகூரின் பள்ளி 1901 டிசம்பர் 22 அன்று ஐந்தே மாணவர்களோடு தொடங்கியது. ஐந்து போதும். சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: வரிசை எண் 1, ஒரு குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து. பக்கத்திலேயே வருகைப் பதிவேட்டில் முதல் நாளுக்கான குறி. யாரும் பின்னாளில் நகர்த்த முடியாத சாட்சி இது. கட்டடம் முடியாமல் வாடகை அறையில் நடந்திருந்தாலும் அதே நாள்தான். முறையான சேர்க்கைக்கு முன் நடந்த மாதிரி வகுப்புகளை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மற்ற நாள்களையும் மறைக்க வேண்டாம். பள்ளி வரலாற்றில் 'தீர்மானிக்கப்பட்டது', 'தொடங்கியது', 'அங்கீகரிக்கப்பட்டது' என்று தனித்தனி வினைச்சொல்லோடு எழுதிவிடலாம். 'நிறுவப்பட்டது' என்ற சொல் எந்த நாளைக் குறிக்கிறது என்பதை நிர்வாகக் குழு இப்போதே ஒரு தீர்மானமாகப் பதிந்து, சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்க நகலையும் அதோடு இணைத்து வைக்கட்டும்.