மண்ணெண்ணெய் எஞ்சினா, பெட்ரோல் எஞ்சினா? வடகரைச் சிறுபடகுகளுக்கான ஓர் ஒப்பீடு

இலங்கையின் வடகரையில் பைபர் படகு வைத்திருப்பவர் படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் வெளியிணைப்பு எஞ்சினைப் புதிதாக வாங்கப் போனால், மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டியிருக்கும். பிஸ்டனின் இரண்டு அசைவுகளில் ஒரு சுற்று எரிப்பு முடிந்தால் அது டூ ஸ்ட்ரோக், நான்கு அசைவுகளில் முடிந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். அக்கரையில், தமிழ்நாட்டுப் பைபர் படகுகள் பலவற்றில் காணப்படும் நீண்ட தண்டு கொண்ட டீசல் எஞ்சின் வேறு வகையைச் சேர்ந்தது என்பதால் அதனை இங்கே சேர்க்கவில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின் இத்தனை காலம் கோலோச்சியதற்கு விலை ஒன்றே காரணம். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாயாக உயர்ந்தபோது, 92 ஒக்டேன் பெட்ரோல் 450 ரூபாயாக இருந்தது. பெட்ரோல் விலையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த மண்ணெண்ணெய் விலை முக்கால் பங்காக மாறியவுடன், அதுவரை பொறுத்துக்கொண்ட குறைகள் எல்லாம் கணக்கில் ஏறத் தொடங்கின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே எஞ்சினைப் பெட்ரோலில் இயக்கிச் சூடேற்றிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரையை நெருங்கும்போது மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்பி, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடவிட்டே நிறுத்த வேண்டும். இந்தக் கடைசிச் சில நிமிடங்களைச் சோம்பலால் விட்டவர் மறுநாள் விடியற்காலையில் இழுகயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும்போதுதான் அதன் அருமையை உணர்வார். வலையை இழுத்தெடுக்கும் நேரத்தில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் அது குளிர்ந்து, தீப்பொறி தரும் பிளக்கில் கரி படிவதும் இதே எஞ்சினில்தான் அதிகம்.

பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்கின் பலம் அதன் எளிமை. 15 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 36 கிலோ எடையுள்ளது. அதே வலுவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் பெரும்பாலும் 45 கிலோவைத் தாண்டும். அலை உடையும் மணற்கரையில் நாள்தோறும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமப்பவருக்கு இந்த வேறுபாடு காகிதத்தில் உள்ள எண் அன்று. படகு கவிழ்ந்து எஞ்சின் உப்புநீரில் மூழ்கினாலும், பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, நன்னீரால் கழுவி, எண்ணெய் விட்டு, தாமதமின்றி ஓடவைத்தால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் உள்ளே வரும் புதிய எரிபொருள், காற்றுக் கலவையில் கால் பங்கு வரை எரியாமலே புகையோடு வெளியேறக்கூடும் என்பதால் எரிபொருள் வீணாகிறது. பெட்ரோலோடு மசகு எண்ணெயைக் கலப்பதிலும் கவனம் தேவை. 50:1 என்று கைநூல் சொன்னால் 10 லீற்றருக்கு 200 மில்லி லீற்றர் எண்ணெய் என்று அளந்து ஊற்ற வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் ஒன்றில் பிளக் கறுக்கும், அல்லது பிஸ்டன் இறுகும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது, மெதுவாக ஓடும்போதும் சீராக ஓடுகிறது, பக்கத்தில் இருப்பவரின் பேச்சும் காதில் விழுகிறது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் நெடுநேரம் குறைந்த வேகத்தில் தொழில் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆயினும் அதன் அடிப்பெட்டியில் தனியாக எண்ணெய் நிற்பதால் கவலையும் கூடுகிறது: தவறான பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும், கடல்நீர் புகுந்தால் ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதாது. வழக்கமாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். ஓடிய மணிகளைக் குறித்து வைக்காதவருக்கு இந்த எஞ்சின் ஏற்றதன்று.

பராமரிப்பின் மீதிப் பகுதியில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. எஞ்சினின் பின்புறத்திலிருந்து பீறிடும் மெல்லிய நீர்த்தாரை மெலிந்தால், குளிர்விக்கும் நீரை இறைக்கும் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது அல்லது வழியில் உப்பும் பாசியும் அடைத்திருக்கிறது என்று பொருள். அத்தோடு ஓட்டுவது எஞ்சினைச் சுட்டுக்கொல்வதற்குச் சமம். கியர்ப் பெட்டியின் அடித்திருகைத் திறக்கும்போது எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வழிந்தால், நீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. கடலிலிருந்து வந்ததும் பத்து நிமிடமேனும் நன்னீரில் ஓடவிடுவதும், அரிமானத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு பாதி தேய்ந்ததும் மாற்றுவதும் எல்லோருக்கும் உரியவை. அந்தத் துண்டின்மேல் பெயின்ற் அடிப்பவர்களும் உண்டு. அடித்தால் அது வேலை செய்யாது.

என் முடிவு இதுதான். கடனீரேரியில் இறங்குதுறையில் படகைக் கட்டுபவர் ஃபோர் ஸ்ட்ரோக்கை வாங்கலாம். வடமராட்சி போல் அலை மோதும் திறந்த கரையில் படகை ஏற்றி இறக்குபவருக்கு, எரிபொருள் கூடுதலாகச் செலவானாலும், பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்கே கைகொடுக்கும். நல்ல நிலையில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர் அதை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. ஆனால் பழைய விலையை நினைவில் வைத்துப் புதிதாக ஒன்றை வாங்குவதற்கு இப்போது காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.