30 ரூபாய்க் கத்தரிக்காயும் செத்துப்போன சிம்மும்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் அரை கிலோ முள்ளுக் கத்தரிக்காய்க்கு 30 ரூபாய் கொடுக்க வழியில்லாமல் நின்றேன். பர்ஸில் மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் இரண்டு அமெரிக்க கிரெடிட் கார்டுகளும் இருந்தன. கையில் ஆயிரம் டாலர் போன்.

"இன்னா சார், காத்தாலயே ஐந்நூறு நீட்டுற? சில்லறைக்கு நான் எங்க போவேன்? அதோ ஒட்டிக்கினுதான இருக்குது, ஸ்கேன் பண்ணு."

"என் போன்ல அது வராதுக்கா."

ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், பட்டன் போனா?"

பட்டன் போன் என்று சொல்லிக்கூடத் தப்பிக்க முடியாது. இணையமே இல்லாத போனிலிருந்தும் யூபிஐயில் பணம் அனுப்ப 2022-லேயே வழி செய்துவிட்டார்கள். பின்னால் நின்ற கல்லூரிப் பையன், "நான் போட்டு வுடறேன்ணா, நீங்க கேஷா குடுங்க" என்றான். நான் கொடுத்தால் 470 ரூபாய் மீதி தர அவனிடமும் இல்லை. இப்போதெல்லாம் யாரிடமும் தாளே இல்லை. கடைசியில் அந்த அக்காவே, "எடுத்துக்கினு போ சார், நாளைக்கு வரும்போது குடு" என்று பையில் கொட்டிவிட்டார். காந்தி நகர் மளிகைக் கடையில் அப்பா பெயரைச் சொல்லிக் கணக்கில் எழுதச் சொன்ன காலம் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சில்லறை இல்லையென்றால் இரண்டு மிட்டாயாவது கொடுப்பார்கள்.

நான் இருக்கும் நியூஜெர்சியில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டால், பில்லைப் பிரிப்பதற்கு முன் 'உன்னிடம் எந்த ஆப்?' என்று ஒரு விசாரணை நடக்கும். ஒரு கம்பெனியின் ஆப்பிலிருந்து இன்னொரு கம்பெனியின் ஆப்புக்குப் பணம் போகப் பெரும்பாலும் வழி கிடையாது. ஆளுக்கொரு வேலி. இங்கே அந்த அக்காவின் கணக்கு ஒரு வங்கியில், ஒட்டியிருக்கும் அட்டை வேறு கம்பெனியுடையது, வாங்க வருகிறவர் மூன்றாவது ஆப் வைத்திருக்கிறார். யாரும் யாரையும் கேட்பதில்லை. 2016-ல் யூபிஐ வந்தபோதே சாலை பொது, வண்டி அவரவர் இஷ்டம் என்று வைத்துவிட்டார்கள். அங்கே கார்டு தேய்த்தால் 100 டாலருக்கு இரண்டு மூன்று டாலர் வியாபாரி கையிலிருந்து போகும். இங்கே 2020 ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்கிலிருந்து வரும் யூபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கமிஷன் கிடையாது. அது இருந்திருந்தால் 10 ரூபாய்க் கீரைக்கட்டு விற்கிறவர் அட்டையை என்றைக்கோ கிழித்துப் போட்டிருப்பார். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியதில் இந்த மாதிரிச் சில்லறைக்குத்தான் பெரிய பங்கு இருக்கும் என்று தோன்றுகிறது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மட்டும் மாச வாடகை பிடிக்கிறார்கள் என்று அக்கா திட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு திறந்த சாலையில் என்னை மட்டும் எது மறித்தது? வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் அமெரிக்க நம்பரை இணைத்து யூபிஐ வைத்துக்கொள்ள 2023-லேயே அனுமதி வந்துவிட்டது. ஆனால் என் வங்கியில் பதிவாகியிருப்பது ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன பழைய சிம். நம்பரை மாற்றித் தரக் கேட்டேன்.

"பழைய நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும் சார், சொல்லுங்க."

"அந்த நம்பர் இல்லாமத்தானே மாத்த வந்திருக்கேன்?"

"சிஸ்டம் கேக்குது சார்."

மூன்று நடை. முதல் நாள் படிவம். இரண்டாம் நாள் பாஸ்போர்ட் ஜெராக்ஸ். எதிர்க்கடையில் ஜெராக்ஸுக்கு 12 ரூபாய், அங்கேயும் ஸ்கேன்தான். என் சொந்த அக்கா மகனைப் போனில் பிடித்து அனுப்பச் சொன்னேன், அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள், 18 வருஷத்துக்கு முன் போட்ட கையெழுத்தோடு இப்போதையது ஒத்துப்போகவில்லை என்றார்கள். பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வெள்ளைத் தாளில் போட்டுப் பழகினேன், நாற்பத்தைந்து வயதில். நியூஜெர்சியில் இதை ராத்திரி அடுப்படியில் நின்றபடியே முடித்திருப்பேன். கடனாகக் கத்தரிக்காய் மட்டும் அங்கே எவனும் தரமாட்டான்.

ஐந்தாம் நாள் காலையில் ஆப் உயிர் பெற்றது. நேராக மார்க்கெட்டுக்குப் போய் ஸ்கேன் செய்து 30 போட்டேன். பெட்டி சத்தமாக அறிவித்தது. அக்கா நிமிர்ந்தார்.

"எதுக்கு சார் முப்பது? இன்னும் ஒண்ணுமே வாங்கல?"

"அன்னிக்கு வாங்கின கத்தரிக்காய்க்கு."

"எந்தக் கத்தரிக்கா?" என்றவர், பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு முள்ளு வரல சார். நாட்டுத் தக்காளி இருக்குது, போடட்டா?"