கண்ணை மூடினால் யார் வர வேண்டும்: அருவமா, நாமமா, உருவமா?

என் அப்பத்தா பிறந்தது இளையாத்தங்குடிக் கோயிலில். வாழ்க்கைப்பட்டது மாத்தூர்க் கோயிலுக்கு. நகரத்தார் வீடுகளில் இது வழக்கம்தான். ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது; நம்முடையது எது என்பது பிறப்பிலேயே அமைந்துவிடும், பெண்ணுக்குக் கல்யாணத்தோடு மாறும். அப்படி இளையாத்தங்குடிக் கைலாசநாதரிடமிருந்து மாத்தூர் ஐந்நூற்றீசரிடம் வந்தவர், விடியற்காலையில் வீட்டின் இரண்டாம் கட்டுத் தூணோரம் கண்ணை மூடி உட்கார்ந்தால் நினைத்தது இருவரையும் அல்ல. குன்றக்குடிச் சண்முகநாதரை.

ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். “கோயிலு புள்ளிக்கு ஆத்தா, முருகன் எனக்கு” என்றார். புள்ளி என்றால் கோயில் கணக்கில் வரும் குடும்பம்.

இஷ்ட தெய்வம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பதஞ்சலி யோக சூத்திரம் முதல் பாதத்தின் 39-வது சூத்திரம், மனத்துக்கு உகந்த எதைத் தியானித்தாலும் மனம் நிலைபெறும் என்கிறது. பொய்கையாழ்வார் ‘தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே’ என்று பாடினார். குலதெய்வத்தைக் கும்பிடுவது கடமை, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் தியானத்தில் மனம் நூறு முறை ஓடும், நூறு முறையும் திரும்பி வர வேண்டும். கடமைக்காக அது வராது. பிரியம் உள்ள இடத்துக்குத்தான் வரும்.

தெய்வம் முடிவானபின் எப்படித் தியானிப்பது? எங்கள் காரைக்குடி வட்டாரத்திலேயே மூன்று வழிக்கும் ஆள் உண்டு.

அருவ வழிக்குக் கோவிலூர் மடம். தமிழில் வேதாந்தப் பாடம் சொல்லித் தந்து வந்த இடம். பேரும் உருவும் கழித்து, மிஞ்சுவதில் நிற்கச் சொல்லும் நெறி அது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என்றாலும் புதிதாக உட்காருகிறவருக்கு முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். கீதை 12-ஆம் அத்தியாயத்தில் கண்ணனே, அவ்யக்தத்தில், அதாவது உருவமற்றதில், மனம் வைப்பவர்க்குச் சிரமம் அதிகம் என்கிறான். என் அனுபவத்தில் முதல் நாலு நிமிஷம் அமைதி, அப்புறம் தூக்கம்.

நாம வழியைப் பழனிப் பாதயாத்திரையில் பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடியோடு நடக்கும்போது, கால் கொப்பளித்த பிறகு எந்த உருவமும் மனத்தில் நிற்காது. ‘சரவணபவ’ நிற்கும். அடிக்கு ஓர் எழுத்தாக அதுவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். அடுப்படியிலும் பஸ்ஸிலும்கூடக் கூட வரும். கண்ணை மூடினால் படமே தோன்றாத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் நாமத்தைப் பிடித்துக்கொள்ளலாம், அது குறைந்த வழி அல்ல. ‘ஸ்வாத்யாயத்தால் இஷ்ட தெய்வத்தோடு சேர்க்கை’ என்பது யோக சூத்திரம் இரண்டாம் பாதத்தின் 44-வது சூத்திரம். ஸ்வாத்யாயம் என்றால் ஓதுதல்; அதில் ஜபமும் அடக்கம் என்று யோக சூத்திரத்தின் உரையான வியாச பாஷ்யம் விரிக்கிறது. ஒரே ஆபத்து, நாக்கு பழகிவிடும். அது பாட்டுக்கு ஜபித்துக்கொண்டிருக்க, மனம் காரைக்குடிச் சந்தையில் விலை கேட்டுக்கொண்டிருக்கும். பிரணவமாகிய ஓங்காரத்தை ஜபிக்கச் சொன்ன பதஞ்சலி, கூடவே பொருளையும் பாவிக்கச் சொன்னது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நான் தேர்ந்துகொண்டது உருவம். அதிலும் முதலில் தோற்றேன். அப்பத்தா வழியில் சண்முகநாதரை நினைத்தால் ஆறு முகம், பன்னிரு கை, மயில், வள்ளி, தெய்வானை. ஒன்றைப் பிடிக்க மற்றது நழுவியது. அவருக்கு எப்படி அமைந்தது என்று இன்றும் ஆச்சரியம்தான். பிறகு பிள்ளையார்பட்டிக்குப் போனபோது வழி தெரிந்தது. கற்பக விநாயகர் குன்றோடு ஒன்றாகச் செதுக்கிய உருவம். இரண்டே கை, வலப்பக்கம் சுழித்த துதிக்கை, வடக்குப் பார்த்த முகம். அங்குசமும் பாசமும்கூட இல்லை. மனம் ஏந்திக்கொள்ளும் அளவுக்கு எளிமை. தங்க அங்கி சாத்திய கோலம் அழகுதான், ஆனால் கண் கூசி மனம் நகையிலேயே நின்றுவிடும். அபிஷேகத்தில் எண்ணெய் வழியும் வெறும் கல்தான் வீட்டுக்கு வரும்வரை கூட வந்தது.

பாகவதம் மூன்றாம் ஸ்கந்தத்தில் கபில முனிவர் தன் தாய் தேவஹூதிக்குச் சொல்லும் முறையை இதற்கு எடுத்துக்கொண்டேன். முழு உருவத்தில் மனம் ஊன்றியதும், பாதத்தில் தொடங்கி ஒவ்வோர் அங்கமாக மேலே ஏறிச் சிரிப்பில் சேர வேண்டும். அவர் சொன்னது திருமாலின் உருவத்துக்கு, நான் செய்வது பிள்ளையாருக்கு. பதினோராம் ஸ்கந்தத்தில் கண்ணன் தன் தோழர் உத்தவரிடம் இன்னும் ஒரு படி போகிறான்: சிரித்த முகத்தில் நிலைத்த மனத்தை எடுத்து ஆகாயத்தில் வை, பிறகு அதையும் விடு என்கிறான். படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கோவிலூரில் சொல்லும் இடத்துக்கே பிள்ளையார்பட்டி வழியாகவும் போகலாம் என்றல்லவா ஆகிறது!

நான் இன்னும் முகத்துக்கு ஏறவில்லை. ஒரு வருஷமாக மடித்த காலிலும் இடுப்பில் ஊன்றிய இடக்கையிலும்தான் இருக்கிறேன். தொடங்க நினைப்பவர்கள் அடுத்த முறை சன்னதியில் வேண்டுதலைச் சொல்லி முடித்ததும், ஐந்து நிமிஷம் பாதத்தை மட்டும் பாருங்கள். அன்று ராத்திரி விளக்கணைத்துவிட்டு உட்கார்ந்து, எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பாருங்கள்.